ஒடிசா மாணவி, தமிழ் வழி, பதினொன்றாம் வகுப்பு: மருத்துவம் படிக்க எந்த வழி?

விலங்கியல் டீச்சர் (திருப்பூர்)

வணக்கம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் எடுக்கிறேன். பதினொன்றாம் வகுப்பில் ஒரு மாணவி. அப்பா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் அடிக்கிறார், அம்மா செக்கிங். சொந்த ஊர் ஒடிசாவில் கந்தமால் மாவட்டம், பழங்குடிக் குடும்பம். வீட்டில் பேசுவது குயி. ஒடியா அங்கே பள்ளியில் படித்தது, இந்தி லைன் வீட்டில் பிகார்க்காரர்களிடம் பழகியது, தமிழ் எங்கள் பள்ளிக்கு வந்த பிறகு. ஏழாம் வகுப்பில் சேர்த்தபோது 'அ' எழுதத் தெரியாது. பத்தாம் வகுப்பில் தமிழில் 87 வாங்கினாள். எங்கள் தமிழய்யா அந்த மதிப்பெண் பட்டியலைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார்.

பிரச்சினை, திங்கட்கிழமையானால் பள்ளிக்கு வரமாட்டாள். முதலில் நான் திட்டினேன். அப்புறம்தான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவில் படுத்துக் கிடந்து பார்ப்பார்கள், உடம்பு சரியாகவில்லை என்றால் திங்கள் காலை ஆஸ்பத்திரி. லைன் வீட்டில் பதினெட்டு குடித்தனம், தமிழ் பேசத் தெரிந்தது இவள் ஒருத்திக்குத்தான். ஓபி சீட்டு வாங்குவது, வலி எங்கே என்று டாக்டரிடம் சொல்வது, மாத்திரை எத்தனை வேளை என்று திருப்பிச் சொல்வது எல்லாம் இவள். ஒரு கர்ப்பிணிக்கு பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்து கொடுக்கும் எண்) போடாமல் எட்டு மாதம் ஓடிவிட்டது, அது இல்லாவிட்டால் குழந்தையின் பிறப்புச் சான்றுக்குச் சிக்கல் என்று கேள்விப்பட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மாவைத் தேடிப் பிடித்து எண் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். வயது 16.

டாக்டர் ஆக வேண்டும் என்கிறாள். "ஏன் கண்ணு?" என்று கேட்டேன். "அவங்க சொல்றதும் எனக்குப் புரியுது மிஸ், இவங்க சொல்றதும் புரியுது. நடுவுல நான் சொல்றப்போ கொஞ்சம் கொட்டிப் போயிடுது" என்றாள்.

என் கேள்வி: இவளுக்கு அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்குமா? சாதிச் சான்று இங்கே எடுக்க முடியுமா? பள்ளியில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

இரண்டு வருஷம் அலைந்தவன்

மகனுக்காக இரண்டு வருஷம் கவுன்சிலிங் அலைந்த அனுபவத்தில் சொல்கிறேன் டீச்சர். முதலில் கெட்ட செய்தி.

2020-இல் வந்த சட்டப்படி 7.5 சதவீதம் வேண்டுமென்றால் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஏழாம் வகுப்பில்தான் வந்தாள் என்றால் ஆறாம் வகுப்பு ஒடிசாவில். ஒரே ஒரு வருஷம், அதோடு அந்தக் கதவு போச்சு. அப்பா அம்மா தமிழ்நாட்டுக்காரர்கள் இல்லை என்பதால் நேட்டிவிட்டியும் இடிக்கும். தாசில்தார் ஆபீசில் குடியிருப்புச் சான்று கொடுப்பார்கள், அதை வைத்துக்கொண்டு மாநில ஒதுக்கீட்டுக்குள் நுழைய முடியாது.

தம்பி தங்கை யாராவது இருக்கிறார்களா?

விலங்கியல் டீச்சர் (திருப்பூர்)

தம்பி இருக்கிறான். மூன்றாம் வகுப்பில் இங்கே சேர்ந்தான், இப்போது ஏழாவது.

இரண்டு வருஷம் அலைந்தவன்

அப்படியானால் அவனை அரசுப் பள்ளியை விட்டு எங்கேயும் மாற்ற வேண்டாம் என்று அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். பக்கத்தில் இங்கிலீஷ் மீடியம் திறந்திருக்கிறார்கள் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். நேட்டிவிட்டிக் கேள்வி அவனுக்கும் உண்டு, ஆனாலும் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை விட்டுப் போகாமல் அரசுப் பள்ளி என்பது அவனுக்கு ஒரு சொத்து மாதிரி.

சாதிச் சான்று இங்கே கிடைக்காது. இதில் ஒரு பழைய வழக்கு உண்டு, அதுவும் மருத்துவ சீட்டுக்குத்தான். ஆந்திராவில் பழங்குடிப் பட்டியலில் இருந்த குடும்பத்துப் பையன், அப்பாவின் வேலைக்காக ஒன்பது வயதில் பம்பாய்க்குப் போனவன். அங்கே மருத்துவக் கல்லூரியில் பழங்குடி இடம் கேட்டான். 1990-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னது: ஒரு மாநிலத்துப் பட்டியல் இன்னொரு மாநிலத்துக்குக் கூடவே வராது. மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கு. இன்றைக்கும் தாசில்தார்கள் 'இல்லை' என்று சொல்வதற்குப் பின்னால் நிற்பது அதுதான்.

இனி நல்ல செய்தி. அகில இந்திய ஒதுக்கீடு. நாடு முழுக்க அரசு மருத்துவக் கல்லூரிகளில் 15 சதவீத இடம், அதோடு எய்ம்ஸ், ஜிப்மர். இதில் நேட்டிவிட்டி கேட்க மாட்டார்கள். ஒடிசாவில் வாங்கிய பழங்குடிச் சான்று செல்லும். பழங்குடியினருக்கு அங்கே எவ்வளவு தெரியுமா? அதுவும் 7.5 சதவீதம்தான்! அதனால்தான் உங்கள் பள்ளியில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒருவர் மாநில 7.5-ஐச் சொல்லியிருப்பார், இன்னொருவர் மத்திய 7.5-ஐ. இரண்டும் வேறு வேறு.

நொய்யல்சிங்கம்

நம்ம ஊர்ப் பிள்ளைகளே சீட் கிடைக்காமல் தற்கொலை செய்துகொள்கிறார்கள். இங்கே வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். ஏற்கனவே ரூம் வாடகை ஏறிப்போச்சு, வேலை போச்சு. இனி டாக்டர் சீட்டும் போகட்டும்.

இரண்டு வருஷம் அலைந்தவன்

தம்பி, மேலே எழுதியதை இன்னொரு முறை படியுங்கள். மாநில இடம் ஒன்றுகூட அவளுக்கு இல்லை என்றுதான் எழுதியிருக்கிறேன். அகில இந்திய இடம் யாருக்கும் பொது. என் மகன் அதே இடத்துக்குத்தான் போன வருஷம் போட்டி போட்டான், ராஜஸ்தான்காரனோடு.

நொய்யல்சிங்கம்

நீட்டே இருக்கக் கூடாது என்கிறேன் நான். நீட்டின் பாதிப்பை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு அறிக்கையே சொல்லிவிட்டது.

மட்டுறுத்துநர்

நீட் வேண்டுமா வேண்டாமா என்பதற்குத் தனி இழை ஓடுகிறது, அங்கே போகவும். இங்கே டீச்சர் கேட்டதற்கு மட்டும். 'வடக்கன்' என்று எழுதிய இரண்டு பதில்களை நீக்கியிருக்கிறேன்.

மலை டூட்டி

ஈரோடு மாவட்ட மலைப்பகுதியில் அரசு மருத்துவராக இருக்கிறேன், பர்கூர், தாளவாடி இரண்டு பக்கமும் வேலை பார்த்தவன். டீச்சர் எழுதியதில் எல்லோரும் சீட்டைப் பார்த்தீர்கள், நான் திங்கட்கிழமையைப் பார்க்கிறேன்.

தாளவாடியில் முதல் வாரம் எனக்குக் கன்னடம் தெரியாது. ஒரு பாட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். கூட வந்த பேரன், பத்து வயதிருக்கும், "வயித்து வலியாமா" என்றான். கேஸ் டிரபிள் என்று நினைத்து மாத்திரை கொடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து எங்கள் மருந்தாளுநர் அக்கா கேட்டுச் சொன்னார்: பாட்டிக்கு வெள்ளை படுதலும் ரத்தப்போக்கும் பல மாதமாக. பேரனிடம் அதை எப்படிச் சொல்வார்? அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. அவனிடம் எதைச் சொல்லலாமோ அதை மட்டும் பாட்டி சொல்லியிருக்கிறார். உங்கள் மாணவி 'கொட்டிப் போகுது' என்றாளே, நான் இத்தனை வருஷத்தில் கற்றுக்கொண்டதும் அதுதான்.

அதனால் ஒரு வேண்டுகோள். அவளைப் பாராட்டுங்கள், ஆனால் அந்த வேலையை அப்படியே அவள் தலையில் விடாதீர்கள். குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது என்பதை ஒரு தாய்க்குச் சொல்லும் வேலை 16 வயதுப் பெண்ணுடையது இல்லை. டாக்டர் சொல்வதை மென்று முழுங்கி இவள் வேறு மாதிரி சொல்லிவிட்டால், பிற்பாடு அந்தக் குற்ற உணர்ச்சியும் இவளுக்குத்தான். பிரசவ வார்டுக்கு லைன் வீட்டில் வயதில் பெரிய, கல்யாணமான ஒரு பெண்ணைத் தயார் செய்யுங்கள். உறுப்புகள், வலி, ரத்தம், காய்ச்சல், எத்தனை நாள் என்று நாற்பது ஐம்பது தமிழ்ச் சொல் போதும். மாணவியே எழுதிக் கொடுக்கட்டும். அப்படியே அவளுக்குத் திங்கட்கிழமை திரும்பக் கிடைக்கும். அகில இந்தியப் போட்டிக்கு அது தேவைப்படும்.

இன்னொன்று, சும்மா சொல்கிறேன். குயி திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. கண்ணுக்கு அவர்கள் 'கனு' என்பார்கள். தமிழய்யாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

பவானிசாகர் பிள்ளை

டாக்டர் எழுதியதைப் படித்துவிட்டு எழுதுகிறேன். நான் இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்தவன், 1997-இல். இப்போது பெருந்துறையில் லேப் டெக்னீசியன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது எனக்கும் இதே ஆசை. மதிப்பெண்ணும் இருந்தது. விண்ணப்பத்தில் 'இந்தியக் குடிமகனா?' என்ற கட்டத்தில் பேனா நின்றது. 1987 ஜூலைக்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடியுரிமை. அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். என் அப்பாவும் அம்மாவும் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். 2019 திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றுதான், நாங்கள் இல்லை. 2021-இல் முகாம் என்பதை 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினார்கள். வீடும் கட்டிக் கொடுத்தார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.

நான் தமிழ் பேசுகிறேன், தமிழ்நாட்டில் பிறந்தேன், எனக்கு முடியவில்லை. இந்தப் பாப்பாவுக்குத் தமிழ் நேற்று வந்தது, அவளுக்கு முடியும். பொறாமையாக இருக்கிறது என்று சொன்னால் தப்பாக நினைக்காதீர்கள். அதனாலேயே சொல்கிறேன், பேப்பரை விட்டுவிடாதீங்க டீச்சர். அப்பா பெயர், பிறந்த தேதி, ஆதார், பள்ளிச் சான்று, எல்லாம் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

விலங்கியல் டீச்சர் (திருப்பூர்)

தம்பி, உங்கள் பதிலைப் படித்துவிட்டு இன்று காலை எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளம்) பதிவைத் திறந்து பார்த்தேன். ஆதாரில் பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயர் இருக்கிறது. சேர்க்கையின்போது நம்ம ஊர் வழக்கப்படி அதை எடுத்துவிட்டு இனிஷியல் போட்டிருக்கிறார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் இனிஷியல்தான். போட்டது எங்கள் பள்ளிதான், வேறு யாரையும் சொல்ல முடியாது. தலைமையாசிரியரிடம் பேசிவிட்டேன், திருத்த விண்ணப்பம் தயாராகிறது.

சம்பள ஷீட்

ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பார்க்கிறேன். இவ்வளவு பேர் எழுதியும் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை என்பது எனக்கு ஆச்சரியம்.

அப்பாவுக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா?

இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரிகளில் காப்பீட்டாளர்களின் பிள்ளைகளுக்கென்று தனி இடம் உண்டு. நீட் எழுத வேண்டும், அகில இந்தியக் கலந்தாய்வு வழியாகத்தான் போக வேண்டும். ஆனால் போட்டி தொழிலாளர் பிள்ளைகளுக்குள் மட்டும். எந்த மாநிலம் என்ற கேள்வி இல்லை. நான் வருஷத்துக்கு ஐம்பது பேருக்காவது சொல்கிறேன், யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்களே என்று சண்டைக்கு வருவார்கள், முதலாளி 3.25 சதவீதம் போடுவது கண்ணில் படாது. மாதச் சம்பளம் 21,000-க்குள் இருக்கிறவர்களுக்கு இது உண்டு.

இதில் சிக்கல் என்னவென்றால் பங்களிப்பு தொடர்ந்து போயிருக்க வேண்டும். நம்ம ஊரில் ஓவர்லாக் டெய்லர் எப்படி? பத்து ரூபாய் பீஸ் ரேட் கூட வந்தால் அடுத்த கம்பெனி. நடுவில் காண்ட்ராக்டரிடம் ஆறு மாதம், அங்கே இ.எஸ்.ஐ. கிடையாது. சில காண்ட்ராக்டர்கள் பிடித்துவிட்டுக் கட்டாமலும் இருப்பார்கள். ஒவ்வொரு கம்பெனியிலும் புது நம்பர் போட்டுவிடுவார்கள், பழையது அநாதையாகக் கிடக்கும். அப்பாவை ஒரு ஞாயிறு என்னிடம் அனுப்புங்கள், தனிச் செய்தியில் போன் நம்பர் தருகிறேன். ஆதார் கையில் இருந்தால் பழைய நம்பர்களைத் தேடி எடுத்துவிடலாம்.

நொய்யல்சிங்கம்

இது நம்ம ஊர்த் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் உண்டா?

சம்பள ஷீட்

உண்டு. உங்கள் வீட்டில் யாராவது கம்பெனிக்குப் போகிறார்களா?

நொய்யல்சிங்கம்

அக்கா. சிங்கர் டெய்லர். பொண்ணு ஒன்பதாவது. நம்பர் எனக்கும் அனுப்புங்க.

கூடலூர் சிஸ்டர்

இதற்கு நடுவே 'டாக்டர் கிடைக்காவிட்டால் நர்சிங் போகட்டும்' என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். நான் நர்ஸ். கோபமாக வருகிறது, ஆனால் முழுக் கோபமும் இல்லை.

நீலகிரி கூடலூரில் 1990 முதல் ஆதிவாசி மருத்துவமனை ஒன்று நடக்கிறது. அங்கே பழங்குடிப் பெண்களையே செவிலியர்களாகப் பயிற்சி கொடுத்து வளர்த்தார்கள். சிக்கிள் செல் இரத்தசோகை இருக்கும் பிள்ளையின் அம்மாவிடம் பணியர் பாஷையிலேயே பேசுகிற நர்ஸ் என்ன செய்வாள் என்று நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வெளியூரில் இருந்து வந்தவர்கள் என்று மேலே ஒருவர் எழுதினாரே. தர்மபுரி பக்கம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் 1993-இல் வந்து குடிசையில் ஆஸ்பத்திரி ஆரம்பித்த டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் கேரளத்தில் மருத்துவம் படித்தவர்கள். அங்கேயும் முதலில் பயிற்சி கொடுத்தது உள்ளூர்ப் பெண்களுக்குத்தான்.

அவள் நர்சிங் போனால் அது தோற்றுப் போனதாக இருக்கக் கூடாது. அதே சமயம், ஏழை வீட்டுப் பெண் டாக்டர் ஆசை சொன்னதும் ஏன் எல்லோருக்கும் உடனே நர்சிங் ஞாபகம் வருகிறது? எக்ஸ்போர்ட்டர் மகளுக்கு யாராவது அப்படிச் சொல்வீர்களா? முதலில் முழுசாக முயற்சி செய்யட்டும்.

மலை டூட்டி

சிஸ்டர் சொன்னதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறேன். இன்னும் ஒன்று: 'படித்து முடித்துவிட்டு உன் ஜனங்களுக்குச் சேவை செய்' என்று இப்போதே அவளிடம் சத்தியம் வாங்காதீர்கள். என் வகுப்பில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் யாரிடமும் அந்தச் சத்தியத்தைக் கேட்டதில்லை. ரேடியாலஜி படிக்க ஆசைப்பட்டால் படிக்கட்டும்.

விலங்கியல் டீச்சர் (திருப்பூர்)

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

'சம்பள ஷீட்' நண்பர் ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்தார். அப்பாவுக்கு மொத்தம் நான்கு இ.எஸ்.ஐ. நம்பர். நடுவில் பதினான்கு மாதம் காண்ட்ராக்டில் விட்டுப் போயிருக்கிறது. அந்த இடைவெளி எவ்வளவு பாதிக்கும் என்பதை அந்த வருஷத்து அறிவிப்பை வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்கிறார். இப்போது இருக்கும் கம்பெனியில் பிள்ளை பன்னிரண்டாவது முடிக்கும்வரை அசையக் கூடாது என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறோம். அவர் சிரித்துக்கொண்டே, "பக்கத்துக் கம்பெனியில பீஸுக்கு ஒரு ரூபாய் அதிகம் டீச்சர்" என்றார். அம்மா ஏதோ குயியில் ஒரு வார்த்தை சொன்னார், அவர் வாயை மூடிக்கொண்டார். மாணவி அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

வார்த்தைப் பட்டியலும் தயார். நாற்பது கேட்டால் நூற்றுப்பத்து எழுதியிருக்கிறாள், குயி, ஒடியா, தமிழ் மூன்றும் ஒடியா எழுத்தில். போன திங்கள் அவளுடைய அத்தை முறையான ஒருவர் அந்தத் தாளோடு ஒரு கர்ப்பிணியைக் கூட்டிப் போனார். 'தலை சுற்றல்' என்பதற்கு 'தலை சுற்றுலா' என்று படித்தாராம். ஆனாலும் ரத்தசோகை மாத்திரை வாங்கி வந்துவிட்டார். மாணவி அன்றைக்கு வகுப்பில் இருந்தாள். நான் நரம்பு மண்டலம் நடத்தினேன்.

நீட் தமிழிலேயே எழுதப்போகிறாள். 180 கேள்வியில் 90 உயிரியல், அது என் பொறுப்பு. இயற்பியல்தான் பயம்.

மீதி இருப்பது சாதிச் சான்று. கந்தமால் போய் அந்த ஊர் தாசில்தாரிடம் வாங்க வேண்டும். போகிற போக்கில் குடியிருப்புச் சான்றும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அப்பாவுக்கு ஒரு வாரம் லீவு கிடைத்திருக்கிறது, வருகிற வெள்ளி. ஈரோட்டில் ஏறி பிரம்மபூரில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். ஸ்லீப்பரில் பார்த்தால் வெயிட்டிங் லிஸ்ட் 63.

பவானிசாகர் பிள்ளை

63 நகராதுங்க டீச்சர். தட்கல் போடுங்கள். ஸ்லீப்பருக்கு முந்தின நாள் காலை 11 மணிக்குத் திறக்கும். வியாழக்கிழமை எனக்கு நைட் டூட்டிதான், காலையில் சும்மா இருப்பேன். பெயர், வயது மட்டும் அனுப்புங்கள். ஆதாரில் இருக்கிற அதே எழுத்தில்.